ஓசி டிக்கெட்டுக்குக் காசு கொடுக்கிறது யாரு?

போன மாசம் எங்க கிளாஸ்ல ஒரு சின்ன சம்பவம். முதல் பட்டதாரி சலுகையில் படிக்கிறவங்க எல்லாம் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட ஆபீசுக்கு வரணும்னு சொல்லிட்டுப் போனாங்க. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "ஓசி சீட்டு பார்ட்டி எல்லாம் கெளம்புங்கப்பா!"

கிளாஸே சிரிச்சது. நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே எழுந்து போனேன், ஏன்னா அந்த லிஸ்ட்ல நானும் இருக்கேன். வரிசையில் எனக்கு முன்னாடி நின்ன தோழி மட்டும் சிரிக்கல. கையெழுத்துப் போட்டு வெளியே வந்ததும் கேட்டா: "எங்கப்பா செங்கல் சூளையில நிக்கறாரு. எங்கம்மா கழனி வேலைக்குப் போவுது. நான் கவுன்சிலிங்ல கட் ஆஃப் எடுத்து வந்தேன். இதுல எதுடா ஓசி?"

எனக்கு உடனே பதில் வரல. கோபப்படலாம், வருத்தப்படலாம். ஆனா அவ கேட்டது உண்மையில் ஒரு பொருளாதாரக் கேள்வி. அதே கேள்வி 2022-ல் தமிழ்நாடு முழுக்க எழுந்தது. அதற்குக் காரணமானவர் நம்ம விழுப்புரத்து அரசியல்வாதி. அந்தச் சம்பவத்தைப் பாடமா எடுத்துக்கிட்டு, அவ கேள்விக்கு ஒழுங்கா பதில் தேடிப் பார்ப்போம்.

என்ன நடந்தது?

2021 மே 7-ம் தேதி முதலமைச்சராகப் பதவியேற்ற மு.க. ஸ்டாலின் அன்றே கையெழுத்திட்ட உத்தரவுகளில் ஒன்று, சாதாரண கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். மறுநாளே அது நடைமுறைக்கு வந்தது. பின்னர் திருநங்கைகளும் மாற்றுத்திறனாளிகளும் சேர்க்கப்பட்டார்கள். பிறகு இதற்கு 'விடியல் பயணம்' என்று பெயர் வந்தது.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் புறநகர் பஸ்ஸில் இது கிடையாது, அங்கே எல்லாரும் டிக்கெட் எடுக்கணும். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து திண்டிவனம் மார்க்கெட்டுக்கும், விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்கும், ஆஸ்பத்திரிக்கும், கடை வேலைக்கும் வரும் டவுன் பஸ்தான் இந்தத் திட்டத்தின் இடம்.

2022 செப்டம்பர் கடைசியில், ஓர் அரசு விழா மேடையில் அப்போதைய உயர்கல்வித் துறை அமைச்சர் க. பொன்முடி அரசின் திட்டங்களைப் பட்டியலிட்டுப் பேசினார். எதிரே இருந்த பெண்களிடம் பஸ் பயணத்தைப் பற்றிச் சொல்லும்போது, அவர்கள் 'ஓசி'யில் போவதாகச் சொன்னார். அந்த வீடியோ அன்றே எல்லா போனுக்கும் வந்து சேர்ந்தது.

அவர் பொருளாதாரம் தெரியாத புது ஆள் இல்லை. அரசியலுக்கு முன் பேராசிரியர். 1989-லேயே விழுப்புரம் தொகுதியில் வென்று சட்டமன்றம் போனவர். 1996-லிருந்து 2001 வரை போக்குவரத்துத் துறை அமைச்சரே அவர்தான். பேசியபோது திருக்கோவிலூர் தொகுதி எம்.எல்.ஏ. பஸ் எப்படி ஓடுது, யார் பணத்தில் ஓடுதுன்னு அவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. திட்டத்தைத் திட்டவும் அவர் மேடை ஏறவில்லை. பெருமையாகச் சொல்லத்தான் ஏறினார். அதனால்தான் இது படிக்க வேண்டிய கேஸ். விஷயம் தெரிந்த ஒருவர், தன் அரசின் திட்டத்தைப் பாராட்டும்போதே, ஒரு சொல்லில் கணக்கைத் தப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்த நேரத்துச் சூழலும் முக்கியம். 2022 ஜூலையில் பிரதமர் நரேந்திர மோடி, ஓட்டுக்காக இலவசங்கள் அறிவிப்பதை 'ரேவடி' கலாச்சாரம் என்று விமர்சித்திருந்தார். ரேவடி என்பது வட இந்தியாவில் பண்டிகைக்கு வாரிக் கொடுக்கும் எள்ளு மிட்டாய். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்திலும் இலவச வாக்குறுதிகள் பற்றிய வழக்கு நடந்தது. 'இவை இலவசம் இல்லை, சமூக நலத் திட்டம்' என்று தி.மு.க. வாதிட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அதே கட்சியின் மூத்த அமைச்சர் 'ஓசி' என்றார்.

கேட்டவங்க எப்படி எடுத்துக்கிட்டாங்க?

எதிர்க்கட்சிகள் கண்டித்தன, மீம்கள் பறந்தன. கோயம்புத்தூர் பஸ் ஒன்றில் ஒரு மூதாட்டி, 'ஓசியில வரமாட்டேன், காசை வாங்கிக்கிட்டு டிக்கெட் கொடு' என்ற பொருளில் கண்டக்டரிடம் விடாப்பிடியாக நின்ற வீடியோ பரவியது. அது எதிர்க்கட்சிக்காரர்கள் திட்டமிட்டு எடுத்த வீடியோ என்று ஆளுங்கட்சித் தரப்பு சொன்னது, வழக்கு வரை போனது. அந்தச் சர்ச்சை எப்படியோ போகட்டும். அந்த வீடியோ ஏன் இவ்வளவு பேருக்குச் சுருக்கென்று பட்டது என்பதுதான் நமக்கு வேண்டிய கேள்வி.

எங்க பெரியம்மா திண்டிவனம் பக்கம் ஒரு கிராமம். மல்லாட்டை உரிக்கிற வேலைக்கும், சீசன் இல்லாதப்ப டவுன்ல ஒரு கடையில் கூட்டிப் பெருக்குற வேலைக்கும் தினம் டவுன் பஸ்ல போறவங்க. அந்தச் சமயத்தில் ஒருநாள் பஸ் படியில் நின்ன ஒரு பையன், "ஓசி டிக்கெட்டுங்க எல்லாம் உள்ள போங்க, காசு குடுக்கறவன் ஏறணும்ல" அப்படின்னு சொல்லியிருக்கான். மேடையில் சொன்ன சொல் படிக்கட்டுக்கு வந்து சேர எத்தனை நாள் ஆச்சுன்னு பாருங்க. ஒரு வாரம்கூட இல்லை.

பெரியம்மா மறுநாளிலிருந்து ஷேர் ஆட்டோவுல போனாங்க. போக 20, வர 20. ஆறு நாள் போனாங்க, 240 ரூபாய். ஏழாவது நாள் திரும்ப டவுன் பஸ்.

"ஏன் பெரியம்மா, கோவம் தீர்ந்துடுச்சா?" என்றேன்.

"கோவம் வேற, கணக்கு வேறடா. எரநூத்தி நாப்பது ரூவாய்க்கு வூட்டுக்கு ஒரு மாசத்துக்கு எண்ணெ வரும்."

"அப்ப ஓட்டு?"

"அத உங்க பெரியப்பாகிட்டயே நான் சொன்னதில்ல. உங்கிட்ட சொல்லுவனா?"

இதுதான் வாக்காளர். நாம சமூக வலைத்தளத்தில் பார்த்தது கோபத்தை மட்டும். அவங்க கோபத்தையும் கணக்கையும் ஓட்டையும் தனித்தனியா வெச்சிருக்காங்க.

2022 அக்டோபர் 9-ம் தேதி நடந்த தி.மு.க. பொதுக்குழுவில் மு.க. ஸ்டாலின், கட்சிக்காரர்கள் பொது இடத்தில் பேசும்போது கவனமாக இருக்க வேண்டும், காலையில் எழும்போது நம்மவர்கள் புதுப் பிரச்சினை எதையும் கிளப்பியிருக்கக் கூடாதே என்ற கவலையோடுதான் எழுகிறேன் என்று வெளிப்படையாகவே பேசினார். விளையாட்டாகச் சொன்னது என்றும், யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன் என்றும் பொன்முடி சொன்னார். செய்தி அதோடு முடிந்தது. ஆனா வருத்தம் தெரிவித்தது சொல்லின் மரியாதைக் குறைவுக்குத்தான். அந்தச் சொல்லுக்குள் இருந்த கணக்குப் பிழையை யாரும் திருத்தவில்லை. அதை இப்ப பார்ப்போம்.

ஒரு சொல்லுக்குள் மூணு பிழை

'ஓசி' என்ற சொல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. கம்பெனி வேலையாகப் போகும் தபாலுக்குத் தபால் கட்டணம் கிடையாது, 'ஆன் கம்பெனி சர்வீஸ்' என்று முத்திரை இருக்கும். அதன் முதலெழுத்துகள்தான் ஓ.சி. ஆனதாம். ஆக, கம்பெனி அதிகாரிகளுக்குக் கிடைத்த சலுகையின் பெயர் இது. இன்று அது ஏழைகளை நோக்கி வீசப்படுகிறது. சரி, ஒருத்தரை 'ஓசி' என்று சொன்னால் அதற்குள் மூன்று கூற்றுகள் இருக்கு.

ஒன்று: இதற்கு யாரும் காசு கொடுக்கவில்லை.

இரண்டு: கொடுப்பவர் தன் கையிலிருந்து கொடுக்கிறார்.

மூன்று: வாங்குபவர் பதிலுக்கு ஒன்றும் தரவில்லை.

மூன்றையும் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்போம்.

முதல் கூற்று. டவுன் பஸ்ஸில் கண்டக்டர் பெண்களுக்கும் டிக்கெட் கொடுக்கிறார், அதில் தொகை மட்டும் இல்லை. அந்தச் சீட்டுதான் எத்தனை பேர் பயணம் செய்தார்கள் என்பதற்குக் கணக்கு. அந்த இழப்பை ஈடுகட்ட மாநில அரசு பட்ஜெட்டில் பணம் ஒதுக்கி, போக்குவரத்துக் கழகங்களுக்குக் கொடுக்கிறது. தொடங்கும்போது ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் தேவைப்படும் என்று அரசு சொன்னது. 2023-24 பட்ஜெட்டில் 2,800 கோடி, 2025-26 பட்ஜெட்டில் 3,600 கோடி ஒதுக்கப்பட்டது. ஆக, டிக்கெட்டுக்குக் காசு வருது. பயணியின் கையிலிருந்து நேரா வராமல் கஜானா வழியா வருது. அந்தப் பணம் போய்ச் சேரும் கழகங்களில் ஒன்றின் தலைமையகம் நம்ம விழுப்புரத்தில்தான் இருக்கு. முன்னே 'தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம்' என்று பெயர், எங்க தாத்தா இன்னும் அப்படித்தான் சொல்லுவார்.

இரண்டாவது கூற்று. அரசு என்பது ஒரு தலைவரின் பாக்கெட் இல்லை. பட்ஜெட் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டு, மானியக் கோரிக்கை நிறைவேறி, அதன்பிறகே ஒரு ரூபாய் செலவாகும். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும், 'நான் கொடுத்தேன்' என்று மேடையில் சொல்வது பேச்சு வழக்கு மட்டுமே, கணக்கு வழக்கு இல்லை. 'ஓசியில போறீங்க' என்பதும், 'தலைவர் கொடுத்தார்' என்று கும்பிடுவதும் ஒரே தவறின் இரண்டு பக்கம். ஒன்று வாங்குபவரைச் சின்னதாக்குது, இன்னொன்று கொடுப்பவரைப் பெருசாக்குது.

மூன்றாவது கூற்றுதான் முக்கியம். "வரி கட்டறவன் நான், அனுபவிக்கிறது அவங்க" என்ற டயலாக் இங்கேயிருந்துதான் வருது. வருமான வரி மட்டும்தான் வரி என்று நினைத்தால் அது சரி மாதிரித் தெரியும். இப்ப ஒரு சின்ன கணக்கு போடுவோம்.

பெரியம்மா போனுக்கு 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்றாங்கன்னு வெச்சுக்குவோம். அதில் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருக்கு.

அடிப்படை விலை: 299-ஐ 1.18 ஆல் வகுத்தால் 253.39 ரூபாய்.

வரி: 45.61 ரூபாய். இதில் பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநில அரசுக்கு. அதாவது மாநிலத்துக்கு 22.80 ரூபாய்.

28 நாள் வேலிடிட்டி என்றால் ஆண்டுக்கு 13 ரீசார்ஜ். மொத்த வரி சுமார் 593 ரூபாய்.

இது ஒரே ஒரு பொருள். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து சோப்பு, பேஸ்ட், தலைக்கு எண்ணெய் எல்லாத்துக்கும் 18 சதவீதம் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல்தான் அவை 5 சதவீதத்துக்கு வந்தன. பெட்ரோல், டீசலுக்கு மத்திய கலால் வரியும் மாநில வாட் வரியும் தனி. டீசல் வரி, லாரி வாடகையாகி, தக்காளி விலையில் ஏறி பெரியம்மாவின் பைக்குத்தான் வருது. இந்த மாதிரி, வரியைக் கடையில் கட்டுபவர் ஒருவர், சுமையைத் தாங்குபவர் இன்னொருவர் என்றால், அதற்கு மறைமுக வரி என்று பெயர். கடைக்காரர் ரசீதில் கட்டுறார், பெரியம்மா விலையில் கட்டுறாங்க. கடையில் கேட்கும்போது யாரும் சம்பளம் எவ்வளவுன்னு கேட்டு வரி போடறதில்லை. கோடீஸ்வரருக்கும் அதே 18, பெரியம்மாவுக்கும் அதே 18. ஆனா சம்பாதிப்பதில் பெரும்பகுதியைச் செலவே செய்து தீர்க்கும் குடும்பத்துக்கு, வருமானத்தில் இது பெரிய பங்கு.

இங்கே நேர்மையா ஒரு விஷயம் சொல்லணும். ஒரு பக்கத்துக்கு 10 ரூபாய், மாதம் 25 நாள் என்று வெச்சுக்கிட்டா பெரியம்மாவுக்கு மாதம் 500, ஆண்டுக்கு 6,000 ரூபாய் மிச்சம். மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வில், பெண்கள் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சப்படுத்துவதாக வந்தது. அவங்க கட்டும் மறைமுக வரி இதைவிடக் குறைவாக இருக்கலாம். அப்ப மீதி மற்றவர்கள் பணம்தானே? ஆமா. அதற்குப் பெயர்தான் மறுபகிர்வு. எல்லாரும் ஒரு உண்டியலில் போடுறோம், தேவையைப் பார்த்து எடுக்கிறோம். பெரியம்மாவும் உண்டியலில் போடுறவங்க. போடறதும் எடுக்கறதும் சமமா இருக்கணும்னா அரசாங்கமே வேண்டாம், அவரவர் உண்டியலை அவரவர் வெச்சுக்கலாம்.

யாருக்கு 'ஓசி', யாருக்கு 'ஊக்கம்'?

2016 முதல் தமிழ்நாட்டில் எல்லா வீட்டு மின் இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணம் இல்லை. நாலு ஏசி ஓடும் பங்களாவுக்கும் அந்த 100 யூனிட் உண்டு. "ஓசி கரண்ட்" என்று அந்த வீட்டு வாசலில் நின்று யாரும் சொன்னதில்லை.

2019 செப்டம்பர் 20-ல் மத்திய அரசு, மற்ற சலுகைகளை விட்டுக்கொடுக்கும் கம்பெனிகளுக்கு அடிப்படை வரி விகிதத்தை 22 சதவீதமாகக் குறைத்தது. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே சொன்னது. அதற்குச் செய்தித்தாள்கள் வைத்த பெயர் ஊக்கம், சலுகை, சீர்திருத்தம். அந்த முடிவு சரியா தப்பா என்பது வேறு விவாதம். பெயரை மட்டும் கவனிங்க.

நம்ம ஊர் அரசியல் இந்தப் பெயர் விஷயத்தை நல்லாவே புரிந்து வைத்திருக்கிறது. ஜெயலலிதா ஆட்சியில் மிக்ஸி, கிரைண்டர், லேப்டாப் எல்லாம் 'விலையில்லா' பொருட்கள் ஆயின, 'இலவச' என்ற சொல் போனது. பஸ் டிக்கெட்டில் 'கட்டணமில்லா' என்று வந்தது. 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் திட்டத்துக்கு 'மகளிர் உரிமைத் தொகை' என்று பெயர். இலவசம், விலையில்லா, கட்டணமில்லா, உரிமை. பணம் போகும் வழி ஒன்றுதான், வாங்குபவர் நிற்கும் இடம்தான் ஒவ்வொரு சொல்லிலும் மாறுது. இத்தனை வருஷமாகப் பார்த்துப் பார்த்து மாற்றிய சொல்லை, 'ஓசி' ஒரே நொடியில் பழைய இடத்துக்குக் கொண்டுபோனது.

அமெரிக்காவிலும் ஒரு 'ஓசி'

இது விழுப்புரத்துக்கு மட்டும் உரிய பிழை இல்லை. 2012-ல் அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் மிட் ராம்னி. பெரிய முதலீட்டு நிறுவனத்தை நடத்தியவர், மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்தவர். மே மாதம், பணக்கார நன்கொடையாளர்களுக்கான ஒரு தனி விருந்தில் பேசினார். நாட்டில் 47 சதவீதம் பேர் வருமான வரி கட்டுவதில்லை, அவர்கள் அரசை நம்பி இருப்பவர்கள், எது நடந்தாலும் ஒபாமாவுக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள் என்றார். ரகசியமாக எடுக்கப்பட்ட அந்த வீடியோ செப்டம்பரில் வெளியானது.

எண் கிட்டத்தட்ட சரி. அதற்கு முந்தைய ஆண்டில் கூட்டாட்சி வருமான வரி கட்டாத குடும்பங்கள் சுமார் 46 சதவீதம். ஆனா முடிவு தப்பு. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் சம்பளத்தில் பிடிக்கப்படும் சமூகப் பாதுகாப்பு வரியைக் கட்டிக்கொண்டிருந்த உழைப்பாளிகள். மீதிப் பேரில் பெரும்பாலோர் ஓய்வு பெற்ற முதியவர்கள், அவர்களில் பலர் அவர் கட்சிக்கே ஓட்டுப் போடுபவர்கள். 'வருமான வரி கட்டவில்லை' என்பதிலிருந்து 'ஒன்றுமே தரவில்லை' என்று தாவியதுதான் பிழை. பெரியம்மா விஷயத்தில் பார்த்த அதே மூன்றாவது கூற்று.

அக்டோபரில் ராம்னியே அந்தப் பேச்சு முழுக்கத் தவறு என்று டிவியில் ஒப்புக்கொண்டார். நவம்பரில் தோற்றார். அவர் வாங்கிய வாக்கு சுமார் 47 சதவீதம்.

அப்ப ஒரு சொல் தேர்தலை மாத்துமா?

இங்கேதான் நம்ம மாதிரி இன்ஜினியரிங் பசங்க கொஞ்சம் நிதானிக்கணும். ராம்னி தோற்றார், அதனால் அந்தப் பேச்சுதான் காரணம் என்று எழுதுவது சுலபம். விழுப்புரத்தைப் பாருங்க.

திண்டிவனம், வானூர், விழுப்புரம், விக்கிரவாண்டி, திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை ஆறும் சேர்ந்ததுதான் விழுப்புரம் மக்களவைத் தொகுதி. 2019-ல் தி.மு.க. கூட்டணியின் து. ரவிக்குமார் சுமார் 1.28 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2024-ல் அவரே மறுபடி வென்றார், வித்தியாசம் சுமார் 70,000. 'ஓசி'க்கு மக்கள் கொடுத்த தண்டனை என்று ஒரு குரூப் சொல்லலாம். 'ஓசி'யால் ஒன்றும் ஆகல, ஜெயிச்சுட்டாங்கல்ல என்று இன்னொரு குரூப் சொல்லலாம்.

இரண்டுமே தப்பான சோதனை. 2019-ல் அ.தி.மு.க.வும் பா.ம.க.வும் ஒரே அணி, 2024-ல் தனித்தனி. 2019-ல் ரவிக்குமார் நின்றது உதயசூரியன் சின்னத்தில், 2024-ல் பானைச் சின்னத்தில். லேபில் ஒரே நேரத்தில் நாலு மாறியை மாற்றிவிட்டு, ஒன்றின் விளைவு இதுதான் என்று ரெக்கார்டில் எழுதினால் சார் சிவப்பு மையால் அடிப்பார். தேர்தல் முடிவையும் அப்படித்தான் படிக்கணும்.

விமர்சிக்கவே கூடாதா?

கூடாது என்று சொல்ல வரல. நல்ல கேள்விகள் நிறைய இருக்கு.

1,200 கோடியாகத் தொடங்கியது 3,600 கோடியாக வளர்ந்திருக்கு. அது பயணிகள் கூடியதாலா, செலவு கூடியதாலா?

அரசு கொடுக்கும் ஈட்டுத்தொகை, கழகத்தின் உண்மையான செலவுக்குப் போதுமா? போதவில்லை என்றால் பழைய பஸ், ஒழுகும் கூரை, ரத்தாகும் டிரிப் என்று வேறு வழியில் பெரியம்மாவே விலை கொடுக்கணும்.

காலியாகப் போகும் பஸ்ஸில் ஒருவர் கூடுதலாக ஏறினால் டீசல் செலவு ஏறத்தாழ ஏறாது. ஆனா காலை எட்டரை மணிக் கூட்டத்தில் ஏறணும்னா புது பஸ்ஸே விடணும். அதற்குப் பணம் ஒதுக்கியாச்சா?

வசதியானவர்களுக்கும் கொடுக்கணுமா, ஏழைகளுக்கு மட்டும் போதுமா? ஏழைகளுக்கு மட்டும் என்றால் யார் ஏழைன்னு சர்டிபிகேட் வாங்க இன்னொரு வரிசை.

பஸ்ஸே வராத ஊர்ப் பெண்களுக்கு இந்தத் திட்டத்தால் என்ன பயன்?

டெல்லியில் 2019-லும், கர்நாடகத்தில் 2023 ஜூனிலும், தெலங்கானாவில் 2023 டிசம்பரிலும் இதே மாதிரித் திட்டம் வந்திருக்கு, ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பும் இருக்கு. இவை எல்லாம் திட்டத்தைப் பற்றிய கேள்விகள். எண்களால் பதில் சொல்லலாம். 'ஓசி' என்பது பயணியைப் பற்றிய தீர்ப்பு. அதற்கு எந்த எண்ணும் தேவைப்படுவதில்லை என்பதே அதன் பிரச்சினை.

அதனால் எந்தக் கட்சி வேட்பாளர் மேடையில் பணத்தைப் பற்றிப் பேசினாலும் மூன்று கேள்வி கேட்டுப் பழகுவோம். இந்தப் பணம் எந்த வழியாக வருது? யார் யார் அந்த உண்டியலில் போடுறாங்க? இதே மாதிரி இன்னொருத்தருக்குக் கொடுக்கும்போது அதை என்ன பெயரில் கூப்பிடுறோம்?

மறுபடி எங்க கிளாஸுக்கு

முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை வந்தது 2010-ல். அன்று உயர்கல்வித் துறை அமைச்சர் யார் தெரியுமா? அதே பொன்முடிதான். நானும் என் தோழியும் இன்று இன்ஜினியரிங் கிளாஸில் உட்கார்ந்திருக்க அந்தச் சலுகை ஒரு காரணம். அதற்காக அவருக்குக் கடன்பட்டவர்களும் இல்லை நாங்க, அந்தச் சொல்லுக்காக அவர் செய்த எல்லாத்தையும் மறுக்கவும் தேவையில்லை. எங்க வீட்டில் டிகிரி முடித்தவர் யாரும் இல்லை. எங்க தாத்தாவும் பாட்டியும் கட்டிய மறைமுக வரியில் யார் யார் வீட்டுப் பிள்ளைகளோ அரசுக் கல்லூரிகளில் படிச்சாங்க. இப்ப எங்க முறை. நாளைக்கு நாங்க வேலைக்குப் போய் வருமான வரியும் கட்டுவோம், அதில் இன்னொரு பிள்ளை படிக்கும்.

இதைத்தான் அன்று கடைசி பெஞ்ச் நண்பனிடம் சொல்லியிருக்கணும். ரெண்டு நாள் கழித்து கேன்டீனில் சொன்னேன். பேப்பர் நாப்கினில் அந்த 299 ரூபாய் கணக்கையும் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "எங்க வூட்லயும் நூறு யூனிட் ஃப்ரீதான்டா" என்றான். அப்புறம் அவனே போய் அந்தத் தோழியிடம் ஸாரி கேட்டான். அவ, "நாப்கின எங்கிட்ட குடு"ன்னு வாங்கி நோட்டுக்குள்ள வெச்சுக்கிட்டா.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. இந்த வாரம் வீட்டுக்குப் போகும்போது மளிகைக் கடை பில், ரீசார்ஜ், பெட்ரோல் மூன்றை மட்டும் எடுத்து, உங்க வீடு ஒரு மாதத்தில் எவ்வளவு மறைமுக வரி கட்டுதுன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. அம்மாவோடு உட்கார்ந்து போடுங்க. வந்த எண்ணை எங்களுக்கு எழுதி அனுப்புங்க, அடுத்த இதழில் ஊர் வாரியாகப் போடுறோம்.